36 வயதில் கட்டட வேலைக்கு வரலாமா? சின்ன வீடுகள் கட்டத்தான் ஆசை

கேள்வி: வேதாரண்யம்காரன்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் 14 வருடம் இருந்தேன், கடைசியில் கட்டிங் மாஸ்டர். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த இரவில் எங்கள் கூரைவீடு போய்விட்டது. அப்புறம் அரசுத் திட்டத்தில் அப்பா பெயருக்கு வீடு வந்தது. உள்ளூரில் ஒருவரிடம் மொத்தமாகப் பேசி ஒப்படைத்தோம். நான் திருப்பூரில், அப்பாவுக்கோ கட்டட விவரம் தெரியாது. மூன்றாவது மழைக்கே தளம் ஒழுகியது. போன மாதம் அம்மா படுக்கும் இடத்துக்கு நேர் மேலே தாம்பாள அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அந்நேரம் அம்மா அடுப்படியில் இருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கம்பி துருவேறிச் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது.

அன்றிலிருந்து ஒரே யோசனைதான். எங்கள் பக்கம் இன்னும் எத்தனையோ குடிசைகள் இருக்கின்றன. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடுகள் கட்டுகிறார்கள். அந்தச் சின்ன வீடுகளை ஒழுங்காகக் கட்டிக்கொடுக்கும் ஆளாக வேண்டும். கையில் 2 லட்சம் இருக்கிறது. நேராகக் கான்ட்ராக்ட் எடுத்துவிடலாமா? இல்லை, முதலில் வேலை கற்க வேண்டுமா?

பதில்: ரசமட்டம்

தம்பி, நான் திருத்துறைப்பூண்டி பக்கம் மேஸ்திரி. 27 வருடமாக இதே வேலை. இப்போது கான்ட்ராக்ட் எடுக்காதீர்கள். திட்ட வீட்டுக்கு அறிவித்த தொகை 3.5 லட்சம். அது பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம் என்று வேலை ஏற ஏறத்தான் பயனாளி கணக்குக்கு வரும். பணம் வரும்வரை ஆள் கூலி உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இரண்டு வீடு ஒன்றாகப் பிடித்தால் உங்கள் 2 லட்சம் லிண்டலுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்போதுதான் சிமென்டைக் குறைக்கலாமா என்று புத்தி போகும். உங்கள் வீட்டைக் கட்டியவரும் அப்படித்தான் கெட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நல்ல கொத்தனார் ஒருவரைப் பிடித்து, அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து பூச்சு முடியும்வரை ஒரே வீட்டில் கூட நில்லுங்கள். பாதியில் வேறு சைட்டுக்குப் போகாதீர்கள். கூலி குறைவாகத்தான் கிடைக்கும், பரவாயில்லை.

நான் சேர்ந்த முதல் நாள் என் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைக் காட்டி, "வாயில் ஊற்றிப் பார்" என்றார். உப்புக் கரித்தது. "இதில் கலவை போட்டால் கம்பியை நாமே அரிக்கவிட்ட மாதிரி" என்றார். அன்று லாரித் தண்ணீர் வரும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். உப்பளம் இருக்கிற ஊர்க்காரர் நீங்கள், இதை மறக்கக் கூடாது. பக்கத்து போர் தண்ணீர் ஓசியாகக் கிடைக்கிறதே என்று தளத்துக்கு ஊற்றிவிடுவார்கள். சில வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் அடிக் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். உங்கள் அம்மா தலைக்கு மேல் நடந்தது அதுதான்.

இன்னொன்று கவர் பிளாக், கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை. கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விட அது வேண்டும். பல இடங்களில் ஜல்லித் துண்டை அண்டைக் கொடுப்பார்கள். கான்கிரீட் போடும் அன்று ஆட்கள் மேலே நடக்க நடக்கத் துண்டு நகர்ந்து, கம்பி தகட்டோடு ஒட்டிவிடும். தகட்டைப் பிரித்தால் கம்பி வெளியே தெரியும், உடனே பூசி மறைத்துவிடுவார்கள்.

கட்டிங் மாஸ்டர் என்கிறீர்களே, அது பெரிய பலம். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும். துணிக்கு மார்க்கர் போடுவது போலவே, எந்த நீளத்தை எதிலிருந்து வெட்டினால் துண்டு குறையும் என்று போட்டுப் பார்க்க வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 617 கிராம். 300 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட், அதற்கு ஏறக்குறைய 28 மூட்டை சிமென்ட். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

பதில்: கரண்டி பிடித்த அக்கா

நான் 19 வருடம் சித்தாள். இப்போது பூச்சு வேலையும் செய்கிறேன், ஆனால் கூலி இன்னும் சித்தாள் கூலிதான். தம்பி, நீ ஆள் வைக்கும் நாளில் கரண்டி பிடிக்கிற பெண்ணுக்குக் கொத்தனார் கூலி கொடு.

மேஸ்திரி அண்ணன் தண்ணீரைச் சொன்னார், நான் அதற்கு அப்புறமுள்ள தண்ணீரைச் சொல்கிறேன். தளம் போட்ட மறுநாளே எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மேலே பாத்தி கட்டி, இரண்டு வாரமாவது நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். அதை வீட்டுக்காரர் தலையில் கட்டாதே, நீயே ஆள் போடு.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள். அது 1994 முதல் இருக்கிறது. விபத்து என்றால் குடும்பத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம். என் மகள் படிப்புக்கு அதில்தான் பணம் வந்தது.

பதில்: சிவில் படித்தவன்

எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் படுக்கையை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள். தளத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் விழக் காத்திருக்கிறது. துருவின் மேல் அப்படியே பூசினால் நிற்காது, பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

வாய்ப்பு கிடைத்தால் ஆரோவில்லில் மண் கட்டடப் பயிற்சி தருகிறார்கள், போய் வாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற சுவர் முறையையும் பாருங்கள். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவார்கள், செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். ஆனால் திட்ட வீடு என்றால் ஒன்றிய அலுவலகப் பொறியாளர் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள், பில் நின்றுவிடும்.

வேதாரண்யம்காரன்

அண்ணா, அக்கா, சார், மூவருக்கும் நன்றி. நேற்றே தட்டிப் பார்த்தேன். அடுப்படிக்கு மேலேயும் பொத்துகிறது. அம்மாவும் அப்பாவும் இப்போது சித்தப்பா வீட்டில் இருக்கிறார்கள். ரசமட்டம் அண்ணா, திருத்துறைப்பூண்டிக்கு நான் தினமும் பஸ்ஸில் வந்துவிடுவேன். உங்கள் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் எப்போது தோண்டுகிறீர்கள்?