துணிக்குள்ள மறைச்சு வச்ச ஆயுதத்த கண்டுபிடிக்கிற புராஜெக்ட் – தெர்மல் கேமரா போதுமா?

கடைசிபெஞ்ச்_ஈசிஇ:
எல்லாருக்கும் வணக்கம். ஈசிஇ ஃபைனல் இயர், கோயம்புத்தூர் பக்கம். நாலு பேர் டீம், டைட்டில் "கன்சீல்டு வெப்பன் டிடெக்‌ஷன் யூசிங் இமேஜ் ஃபியூஷன்". சாதா கேமரா படம் ஒண்ணு, தெர்மல் படம் ஒண்ணு, ரெண்டையும் மேட்லேப் சாஃப்ட்வேர்ல வேவ்லெட்ங்கிற கணக்கு முறைய போட்டு ஒட்டி, சட்டைக்குள்ள துப்பாக்கி எங்க இருக்குன்னு காட்டணும். நெட்ல கிடைக்கிற படத்துல சூப்பரா வருது. சரி நாமளே எடுத்துப் பாப்போம்னு போன்ல சொருகுற தெர்மல் கேமரா ஒண்ண கடன் வாங்கி, டீம்ல ஒருத்தன் இடுப்புல ஸ்பேனர சொருகி மேல சட்டைய விட்டோம். மொதல்ல கருப்பா நல்லா தெரிஞ்சுச்சு. கேன்டீன்ல டீ குடிச்சுட்டு வந்து பாத்தா ஸ்பேனரே காணோம், சட்டை மடிப்பு மட்டும்தான் தெரியுது. நாங்க என்ன தப்பு பண்றோம்? செகண்ட் ரிவ்யூவுக்கு மூணு வாரம்தான் இருக்கு, டைட்டில் மாத்தவும் முடியாது.

புராஜெக்ட்சென்டர்_பலி:
தம்பி இந்த டைட்டில எங்க அண்ணன் பேட்ச்லயும் பண்ணாங்க, என் பேட்ச்லயும் பண்ணாங்க, அதே துப்பாக்கி படம்தான். அந்தப் படத்துல இருக்கிற ஆளுக்கு இந்நேரம் பேரன் பொறந்திருக்கும். காசு குடுத்தா கோடோட தருவாங்க, நீயாவது ஸ்பேனர வச்சு பாத்தியே, அதுக்கே மார்க் போடலாம் 😄

மில்லிமீட்டர்:
தப்பு உங்க மேல இல்ல ப்ரோ, இயற்பியல் மேல. நான் ஆர்எஃப், அதாவது ரேடியோ அலை பக்கம் வேலை பாக்கறேன், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

தெர்மல் கேமரா பாக்கறது 8லேருந்து 14 மைக்ரான் அலை. அது துணிய ஊடுருவாது. நீங்க பாத்தது ஸ்பேனர இல்ல, ஸ்பேனர் சில்லுன்னு இருந்ததால அதத் தொட்டுட்டு இருந்த துணியும் சில்லுன்னு ஆச்சு பாருங்க, அந்த இடத்த. உடம்பு சூட்டுல இரும்பும் சூடானதும் வித்தியாசம் போச்சு. சட்டை லூசா இருந்தா அதுவும் தெரியாது. நெட்ல இருக்கிற படம் நல்லா வர்றதுக்குக் காரணம், அதுல துப்பாக்கி அப்பதான் வச்சிருப்பாங்க, துணியும் உடம்போட ஒட்டி இருக்கும். நீங்க ஃபியூஷன் எவ்ளோ பிரமாதமா பண்ணாலும் சென்சார்ல வராதது படத்துல வராது, சட்டியில இருந்தாதான அகப்பையில வரும்.

துணிய தாண்டி பாக்கணும்னா மில்லிமீட்டர் அலைக்குப் போகணும், அதாவது நீளம் மில்லிமீட்டர் கணக்குல இருக்கிற ரேடியோ அலை. இது புதுசு இல்ல, 1995 வாக்குலயே அமெரிக்க நீதித்துறையோட ஆராய்ச்சிப் பிரிவு என்ஐஜேவும் விமானப்படையோட ரோம் லேபும் சேர்ந்து இதுக்குன்னே பணம் போட்டாங்க. போலீசுக்கும் வேணும், ராணுவத்துக்கும் வேணும், அதனால கூட்டு. இரும்பு பூமியோட காந்தப்புலத்த லேசா கலைக்கிறத அளக்கறது ஒரு வழி, உடம்புலேருந்து தானா வர்ற மில்லிமீட்டர் அலைய கேமரா மாதிரி பிடிக்கிறது இன்னொரு வழி. ரெண்டாவதுல ஒரு வேடிக்கை இருக்கு, வெட்டவெளியில பிரமாதமா தெரியும், ஏன்னா வானம் அந்த அலையில ரொம்ப குளிர்ச்சி, உலோகம் வானத்த கண்ணாடி மாதிரி காட்டும். ரூமுக்குள்ள கூட்டிட்டு வந்தா சுவரும் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே சூடு, படம் மங்கிடும். அதனாலதான் ஏர்போர்ட் ஸ்கேனர் தானே அலைய அனுப்பி திரும்பி வர்றத வாங்குது. பசிபிக் நார்த்வெஸ்ட் நேஷனல் லேப்ல உருவான டெக்னிக்தான் அது, 24லேருந்து 30 கிகாஹெர்ட்ஸ். கைய தூக்கி நிக்கச் சொல்றாங்கல்ல, அப்ப சுத்தி வர்ற ரெண்டு தூண்லயும் மேலேருந்து கீழ வரைக்கும் ஆன்டெனா வரிசையா இருக்கும், அதனாலதான் ரெண்டு செகண்ட்ல முடியுது.

ஓய்வுபெற்ற_தொப்பி:
நான் ஏர்போர்ட் செக்யூரிட்டில பல வருஷம் நின்னவன், இப்ப ரிட்டயர்டு. படிச்சவங்க சொல்றது எல்லாம் சரிதான், ஆனா நிக்கிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்க தம்பி. டோர் ஃப்ரேம் டிடெக்டர் இருக்கே, உலோகத்த மட்டும்தான் சொல்லும். 2009 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆம்ஸ்டர்டாம்லேருந்து டெட்ராய்ட் போன ஃப்ளைட்டுல ஒருத்தன் ஜட்டிக்குள்ள வெடிமருந்து வச்சு ஏறினான், அது பவுடர், மெட்டல் டிடெக்டர் என்ன பண்ணும்? அதுக்கப்புறம்தான் உலகம் பூரா பாடி ஸ்கேனர் ஸ்கேனர்னு ஓடுனாங்க.

ஆனா எங்க பிரச்சனையே வேற. கல்யாண சீசன்ல பட்டுப்புடவை கட்டிட்டு வரிசையா வருவாங்க, ஜரிகை உலோகம், கொசுவத்துல எட்டு மடிப்பு, வளையல், மெட்டி, தாலிக்கொடி, ஊக்கு. கதவுல சத்தம் வராம ஒரு அம்மா கூட போனதில்ல. மெட்டிய கழட்டுங்கன்னு சொல்ல முடியுமா? கடைசில திரைக்குப் பின்னாடி லேடி ஸ்டாஃப் கையாலதான் தடவிப் பாக்கணும். ஒரு ஷிஃப்ட்ல ஆயிரம் தடவ பீப் கேட்டா ஆயிரத்து ஒண்ணாவது பீப்ப காது கேக்காது. 2015ல அமெரிக்காவுல அவங்க ஆளுங்களே மாறுவேஷத்துல போய் சோதிச்சப்ப 70ல 67 தடவ சாமான் உள்ள போயிடுச்சுன்னு நியூஸ் வந்துச்சு, எல்லாரும் மெஷின திட்டுனாங்க, நான் அங்க நின்ன பையன நெனச்சுக்கிட்டேன்.

நெருப்புக்கோழி:
இப்ப ஏஐ கேட் வந்துடுச்சே அங்கிள், நிக்கவே வேணாம், நடந்து போனா போதும், துப்பாக்கிய மட்டும் தனியா சொல்லிடும்னு விளம்பரம் பாத்தேன். இன்னொன்னு, ஸ்கேனர்ல உடம்பு அப்படியே தெரியும்னு என் ஃப்ரெண்ட் போக மாட்டேங்கறா, நிஜமா?

மில்லிமீட்டர்:
உடம்பு தெரியற கதை பழசு. ஆரம்பத்துல உடம்புல பட்டு சிதறி திரும்பற எக்ஸ்ரேய வச்சு படம் எடுக்கிற பேக்ஸ்கேட்டர் மெஷின்ல அப்படித்தான் இருந்துச்சு, படத்த மறைக்கிற சாஃப்ட்வேர் கொண்டு வர முடியலன்னு 2013ல அமெரிக்க ஏர்போர்ட்லேருந்து எடுத்துட்டாங்க. இப்ப ஸ்க்ரீன்ல வர்றது எல்லாருக்கும் ஒரே பொம்மை, சந்தேகப்படற இடத்துல ஒரு கட்டம் மட்டும். உங்க ஃப்ரெண்ட தைரியமா போகச் சொல்லுங்க.

ஏஐ கேட் விஷயம், 2024ல நியூயார்க் சப்வேல ஒரு மாசம் சோதிச்சாங்க. 2749 ஸ்கேன், தப்பான அலாரம் 118, கத்தி 12, துப்பாக்கி ஒண்ணு கூட இல்ல. அந்த கேட்ட செஞ்ச கம்பெனி மேலயே அதே வருஷம் நவம்பர்ல, பொய் விளம்பரத்த கவனிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி கேஸ் போட்டுச்சு, விளம்பரத்துல சொன்ன அளவுக்கு ஆதாரம் இல்லன்னு. 118 கம்மி மாதிரி தெரியும். ஆனா அதே கணக்குல ஒரு லட்சம் பேர் வர்ற ஸ்டேஷன்ல வச்சா 4300 பேர நிறுத்தி பைய திறக்கணும், அத்தன பேரும் அப்பாவி. தொப்பி சார் சொன்ன ஆயிரத்து ஒண்ணாவது பீப் இதுதான்.

கடைசிபெஞ்ச்_ஈசிஇ:
எல்லாருக்கும் தேங்க்ஸ், ஆனா பயமாவும் இருக்கு. மில்லிமீட்டர் அண்ணா, எங்க லேப்ல 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டு ஒண்ணு சும்மா கெடக்கு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) கம்பெனியோட ஐடபிள்யூஆர்6843. அத வச்சு ஏதாவது முடியுமா?

மில்லிமீட்டர்:
அட, அத வச்சுக்கிட்டா அழுதுட்டு இருக்கீங்க! அதோட பேண்ட்வித், அதாவது அது பயன்படுத்தற அலைவரிசையோட அகலம், 4 கிகாஹெர்ட்ஸ்னா தூரத்துல 3.75 சென்டிமீட்டர் வரைக்கும்தான் பிரிக்கும், ஸ்பேனரோட வடிவத்துக்கு அது பத்தாது. ஆனா போர்ட 3டி பிரிண்டர் ரெயில் மாதிரி ஒண்ணுல மாட்டி குறுக்கயும் நெடுக்கயும் 20 சென்டிமீட்டர் நகர்த்தினா, அரை மீட்டர் தூரத்துல குறுக்குவாட்டுல 6 மில்லிமீட்டர் கிட்ட வரும், அது போதும். ஒவ்வொரு நகர்வும் 1.25 மில்லிமீட்டர்னு வச்சா 160 வரிசை, ஒரு வரிசைக்கு பத்து செகண்ட்னா கூட அரை மணி நேரம் ஆகும், மனுஷன் அசையாம நிக்க மாட்டான், பொம்மைதான். துணிக்கடை பொம்மைய அப்படியே வைக்காதீங்க, காலி பிளாஸ்டிக்ல அலை உள்ள போயிடும், நம்ம தோல்ல தண்ணி இருக்கறதால அலை திரும்பி வரும். உப்புத்தண்ணில நனைச்ச ஸ்பாஞ்ச முன்னாடி கட்டி அதுக்கு மேல ஸ்பேனர், அதுக்கு மேல சட்டை. டைட்டில் மாத்த வேணாம், சாதா கேமரா படத்தோட இந்த ரேடார் படத்த ஒட்டுங்க, அதுவும் ஃபியூஷன்தான. தெர்மல்ல ஸ்பேனர் காணாம போன படத்தையும் சேத்து வைங்க, வெளிக் காலேஜ்லேருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதல்ல அததான் கேப்பார்.

ஓய்வுபெற்ற_தொப்பி:
ஸ்பேனரோட நிறுத்திக்கோங்க தம்பி, பொம்மத் துப்பாக்கிய பையில வச்சுக்கிட்டு பஸ்ல வந்துடாதீங்க. அப்புறம் அந்த பொம்மைக்கு ஒரு தடவ ஜரிகை போட்ட துண்டையும் சுத்திப் பாருங்க, என்ன தெரியுதுன்னு எனக்கே பாக்கணும்.

கடைசிபெஞ்ச்_ஈசிஇ:
ரெயிலுக்கு சீனியர்கிட்ட பழைய 3டி பிரிண்டர் கேட்டிருக்கேன் அண்ணா. ஸ்பாஞ்ச் வாங்கியாச்சு. ஜரிகை துண்டு எங்க பாட்டிகிட்ட இருக்கு, எதுக்குன்னு கேக்கறாங்க, என்ன சொல்றதுன்னுதான் தெரியல.