பிட்காயின், ஈத்தீரியம், சொலானா: வேகத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

ஈசூன்வாசி:
மாதம் 300 வெள்ளி ஒதுக்கி கிரிப்டோ வாங்கலாம் என்று இருக்கிறேன். வேலையிடத்தில் ஒருவர், பிட்காயின் பழசாகிவிட்டது, சொலானாதான் வேகம், கட்டணம் ஒரு காசுகூட ஆகாது என்கிறார். இன்னொருவர் ஈத்தீரியத்தைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். விலை ஏறுமா என்று நான் கேட்கவில்லை. இந்த மூன்றின் பிளாக்செயினும் (பரிவர்த்தனைகளைப் பதியும் பொதுக் கணக்குச் சங்கிலி) உள்ளுக்குள் எப்படி வேறுபடுகிறது, அதைச் சொல்லுங்கள்.

ஜூரோங் கணினிக்காரர்:
வேகம் சும்மா வராது, ஒவ்வொரு சங்கிலியும் அதற்காக எதை விட்டுக்கொடுத்தது என்று பாருங்கள். பிட்காயினில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு. மெதுவுதான், ஆனால் பிளாக் சிறியது என்பதால் 2009இலிருந்து நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளையும் வீட்டுக் கணினியிலேயே நீங்களே சரிபார்க்கலாம், யாரையும் நம்பத் தேவையில்லை. மொத்தம் 2.1 கோடி நாணயத்துக்கு மேல் வராது. 2024 ஏப்ரலில் மைனர்களுக்கு (கணினியை ஓட்டிப் புதுப் பிளாக் சேர்ப்பவர்கள்) கிடைக்கும் வெகுமதி பிளாக்குக்கு 3.125 பிட்காயினாகக் குறைந்தது.

ஈத்தீரியம் 2015இல் வந்தது, சங்கிலியில் தானே இயங்கும் நிரலான ஸ்மார்ட் காண்டிராக்ட்தான் அதன் உயிர். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மைனிங்கைக் கைவிட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்துப் பிளாக் சேர்க்கும் ஸ்டேக்கிங்குக்கு மாறியதில் மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது, ஓடிக்கொண்டிருந்த சங்கிலியை நிறுத்தாமலே அதைச் செய்தார்கள் என்பதை நான் இன்றும் பெரிய சாதனையாகத்தான் நினைக்கிறேன். 12 விநாடிக்கு ஒரு பிளாக். கூட்டம் சேர்ந்தால் கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் எகிறும், அதனால்தான் ஈத்தீரியத்தின் மேல் ஓடி அதன் சுமையைக் குறைக்கும் ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்குகள் வந்தன.

சொலானாவில் ஒரு பிளாக்குக்கு அரை விநாடிகூட ஆகாது, கட்டணமும் உங்கள் நண்பர் சொன்ன மாதிரி சொற்பம்தான். ஆனால் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் கணினியை ஓட்ட விலையுயர்ந்த சர்வரும் வேகமான இணையமும் வேண்டும், சாதாரண ஆளால் முடியாது. 2021 செப்டம்பரில் சுமார் 17 மணி நேரம் சங்கிலியே நின்றுபோனது, 2024 பிப்ரவரியில் மறுபடி ஏறக்குறைய 5 மணி நேரம். அந்த நேரத்தில் உங்கள் பணம் பத்திரமாக இருக்கும், நகர்த்தத்தான் முடியாது.

தெம்பனிஸ் அக்கா:
தம்பி, அதெல்லாம் சரி, கிரிப்டோ வாங்கும் தளத்தில் பணத்தை வெளியே எடுக்கும் திரையைப் பற்றியும் யாராவது சொல்லணும். டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யுஎஸ்டிடி மாதிரி நாணயம் பல சங்கிலிகளில் இருக்கிறது. டிரான் சங்கிலியின் முகவரி ஆங்கில T எழுத்தில் தொடங்கும், அது கண்ணுக்கே தெரியும். ஆனால் ஈத்தீரியமும் பிஎன்பி சங்கிலியும் ஒரே மாதிரி 0எக்ஸ் (0x) என்றுதான் தொடங்கும், பெறுகிற தளம் அந்தச் சங்கிலியை ஏற்காவிட்டால் காசு திரும்பி வருவது பெரும்பாடு. முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள். தளம் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றதா என்று ஆணையத்தின் இணையப்பக்கத்திலேயே தேடிவிடுங்கள், டெலிகிராமில் வரும் இணைப்பை நம்ப வேண்டாம். 'நிலையான நாணயம்' என்ற பெயரை மட்டும் நம்பியும் எதையும் வாங்காதீர்கள், டாலரை ஒட்டியே நிற்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா யுஎஸ்டி 2022 மே மாதம் சில நாள்களில் சரிந்தது, நம்மூரிலும் பலருக்குச் சேமிப்பு போனது.

ஈசூன்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. வாங்கியதைத் தளத்திலேயே விட்டு வைத்தால் இந்த வேறுபாடெல்லாம் எனக்குப் பொருட்டா?

ஜூரோங் கணினிக்காரர்:
அன்றாடத்துக்குப் பெரிதாக இல்லை. தளத்துக்குள் நீங்கள் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில்தான் நடக்கும், சங்கிலிக்கே போகாது. நாணயத்தை நகர்த்த உதவும் ரகசியச் சாவி உங்களிடம் வரும்போதுதான் சங்கிலியோடு உங்களுக்கு உறவு. அந்தச் சாவியை நீங்களே வைத்திருக்கும் சொந்த வாலட்டுக்கு எடுப்பதாக இருந்தால் தளத்தின் வெளியெடுப்புக் கட்டணத்தை முதலில் பாருங்கள், பல தளங்களில் தொகை எவ்வளவானாலும் அது ஒன்றுதான், மாதாமாதம் எடுத்தால் 300 வெள்ளியில் நன்றாகவே கடித்துவிடும். சில மாதத்துக்குச் சேர்த்து ஒருமுறை எடுங்கள்.