ஹைப்ரிட் காடியில் ‘ரெடி’ வரவில்லை, பெரிய பேட்டரிதான் போய்விட்டதா?

ஆயர் ஈத்தாம் வாசி:
வணக்கம். 2012-இல், ஹைப்ரிட்டுக்கு வரிவிலக்கு இருந்த காலத்தில் வாங்கிய சின்ன காடி. பள்ளி விடுமுறைக்கு ஈப்போ போயிருந்தோம். காடி பிளாட்டுக்குக் கீழேயே கிடந்தது. திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் பிரேக், ஸ்டியரிங், எஞ்சின் என்று எல்லா விளக்கும் எரிகிறது. ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிள் போட்டதும் ஓடியது. நேற்று மழையில் மறுபடி அதே கதை. ஒரு பட்டறையில் ஸ்கேன் செய்துவிட்டு, பெரிய பேட்டரியை மாற்று என்கிறார்கள். அவர்கள் சொல்லும் விலைக்கு வேறு பழைய காடியே வாங்கிவிடலாம். நம்பலாமா?

பிறை வயர்மேன்:
தங்கச்சி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கேன் தாளில் என்ன கோடு, அதாவது பழுதுக் குறியீடு, இருக்கிறது? பி0ஏ80 என்றால் பெரிய பேட்டரியைப் பற்றிப் பேசலாம். யு என்ற எழுத்தில் தொடங்குபவை வரிசையாக இருந்தால், கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்று அர்த்தம். வோல்ட் இறங்கினாலே அது வரும்.

ஜம்பர் போட்டதும் ஓடியது என்கிறீர்களே, விஷயமே அதில்தான். ஜம்பர் கொடுப்பது 12 வோல்ட் சின்ன பேட்டரிக்கு. சாதாரண காடியில் அது இளைத்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும். ‘ரெடி’ விளக்கு வருகிற வகையில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரி. சின்னது கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரியதை இணைக்கும் ரிலே சுவிட்சை மூடுவதோடு சரி. அதனால் சாகும்வரை சத்தமே காட்டாது.

இரவு முழுக்க நின்ற காடியில், சின்ன பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அப்புறம் யாரையாவது ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். பல ஹைப்ரிட்டில் அந்த நொடியே பிரேக் பம்ப் ‘ங்ஙீ’ என்று ஓடும். எண் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ‘ரெடி’ வந்த பிறகு 14 பக்கம் ஏற வேண்டும். இதில் ஆல்டர்னேட்டர் கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டர்தான் இறக்கிக் கொடுக்கிறது. உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு வயர் எதையும் தொடவே கூடாது.

ஜெலுத்தோங் மாமா:
எனக்கு பி0ஏ80 நிஜமாகவே வந்தது. ஆனால் அதற்கு முன்பே தெரிந்தது. பாலத்தில் ஏறும்போது திரையில் பேட்டரிக் கோடு மளமளவென்று இறங்கும், கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் நிறைந்துவிடும். பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் பின்சீட்டு மின்விசிறி வேறு கத்திக்கொண்டே இருந்தது. சீட்டோரக் காற்றுத் துளையைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பூனை ரோமம்! அதையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி:
அண்ணே, காலையில் 11.7. கதவைத் திறந்ததும் 9.8. ஜம்பர் போட்டு ‘ரெடி’ வந்து, கேபிளை எடுத்த பிறகு 14.1. தாளில் எல்லாமே யு கோடுதான். மாமா சொன்ன துளை சுத்தமாக இருக்கிறது. சின்ன பேட்டரியை நானே மாற்றலாமா?

பிறை வயர்மேன்:
தாராளமாக. மலிவு என்று தண்ணீர் பேட்டரி மட்டும் வேண்டாம். பின்பக்கம் காடிக்குள்ளே இருப்பது ஏஜிஎம் வகையாக (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி) இருக்கும், வாயு வெளியே போக ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைத் திரும்ப மாட்டுங்கள். கறுப்பு முனையை முதலில் கழற்றுங்கள். புதியதை மாட்டி முடிக்கும்வரை பின்கதவைச் சாத்திவிடாதீர்கள், மின்பூட்டு என்றால் அப்புறம் திறக்காது. கோடுகளை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். யு திரும்பி வந்தால் எர்த் வயர் போல்ட்டைப் பார்க்கவேண்டும். மழையில் வந்தது என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.