மெலன்டிஎஸ் எமுலேட்டருக்கு பயாஸ் டம்ப் அவசியமா?

மஞ்சப்பை:
நிண்டெண்டோ டிஎஸ் லைட் ஒன்று இருக்கிறது, கீல் உடைந்து மேல் திரை தொங்குகிறது, ஆனால் ஆன் ஆகிறது. இனி கணினியிலேயே ஆடலாம் என்று, டிஎஸ் கேம்களைக் கணினியில் ஓட்டும் மெலன்டிஎஸ் எமுலேட்டரைப் போட்டேன். செட்டிங்ஸில் ஏஆர்எம்7 பயாஸ், ஏஆர்எம்9 பயாஸ், ஃபர்ம்வேர் என்று மூன்று ஃபைலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எதுவும் கொடுக்காமலேயே கேம் ஓடுகிறதே, அப்புறம் இவை எதற்கு? வேண்டுமென்றால் நெட்டில் இறக்கிக்கொள்ளலாமா?

இரவுப்பறவை:
ஓடத்தான் செய்யும், மெலன்டிஎஸ் தனக்குள்ளேயே மாற்று பயாஸ் (கன்சோல் ஆன் ஆனதும் முதலில் ஓடும், சிப்பிலேயே பதிந்த கோடு) வைத்திருக்கிறது. டிஎஸ்ஸில் இரண்டு ப்ராசஸர், ஆளுக்கொரு பயாஸ்: ஏஆர்எம்9க்கு 4 கேபி, ஏஆர்எம்7க்கு 16 கேபி, அவ்வளவுதான். ஃபர்ம்வேர் வேறு ரகம். லைட்டில் அது 256 கேபி ஃப்ளாஷ் சிப். ஆன் செய்ததும் வரும் மெனு, பிக்டோசாட் (டிஎஸ்களுக்கு இடையே எழுதி, வரைந்து அரட்டை அடிப்பது), நீங்கள் கொடுத்த பெயர், பிறந்தநாள், தொடுதிரை அளவீடு, வைஃபை மேக் முகவரி (அந்த கன்சோலுக்கே உரிய நெட்வொர்க் எண்) எல்லாம் அதில்தான். அந்த மெனுவில் இருந்தே தொடங்க ஆசை என்றால் மூன்றும் வேண்டும், வெறும் கேம் போதும் என்றால் விட்டுவிடுங்கள்.
இறக்குவது பற்றி: அது நிண்டெண்டோவின் பதிப்புரிமைச் சரக்கு, அதோடு ஃபர்ம்வேரில் யாரோ ஒருவருடைய பெயரும் மேக் முகவரியும் கூடவே வரும். கன்சோல் கையில் இருக்கும்போது அது எதற்கு?

ரேம்_ராசா:
கன்சோலில் இருந்து இவற்றை ஃபைலாக நகலெடுப்பது, அதாவது டம்ப் செய்வது, சுலபம்தான். ஸ்லாட்-1 ஃப்ளாஷ்கார்டில் (டிஎஸ் கேம் கார்டு இடத்தில் செருகும், மைக்ரோ எஸ்டி போடக்கூடிய கார்டு) ஒரு டம்பர் புரோகிராம் போட்டு ஓட்டினால் மூன்று ஃபைலும் மைக்ரோ எஸ்டியில் வந்து விழும். ஆனால் உள்ளே நடப்பது சுவாரசியம்: ஏஆர்எம்7 பயாஸை வெளியில் இருக்கும் கோடு படிக்க முடியாதபடி ஹார்டுவேரே தடுக்கிறது, அதனால் பயாஸுக்குள்ளேயே கிடக்கும் ஒரு துண்டு கோடுக்குத் தாவி, அதை வைத்தே பைட் பைட்டாகப் படிக்க வைக்கிறார்கள். திருடனிடமே சாவி கொடுத்த கதை! பழைய கேம்பாயில் இந்த வழியும் கிடையாது, 256 பைட் பூட் ரோம் (ஆன் ஆனதும் முதலில் ஓடும் கோடு) வேலை முடிந்ததும் தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். 2003இல் ஒருவர் சிப்பின் மூடியை நீக்கி, மைக்ரோஸ்கோப்பில் பிட் பிட்டாகப் பார்த்துத்தான் அதை வெளியே எடுத்தார்.

மஞ்சப்பை:
அருமை. தம்பியிடம் 3டிஎஸ் இருக்கிறது, அதில் இருந்தே எடுத்துவிடட்டுமா? உடைந்ததைத் தொட பயமாக இருக்கிறது.

இரவுப்பறவை:
வேண்டாம். டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டிலும் டிஎஸ் ஃபர்ம்வேர் என்று வருவதில் செட்டிங்ஸ் மட்டும்தான் இருக்கும், மெனு இருக்காது, அதை வைத்து பூட் ஆகாது. லைட்டையே மேசையில் படுக்க வைத்து எடுங்கள், எடுத்ததும் ஃபைல் அளவு 4, 16, 256 கேபி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.