"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!" – சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்கள் கேட்ட பேச்சுகள்

மருந்து, ஊசி, ரத்தப் பரிசோதனை இதையெல்லாம் டாக்டர் சொல்லிவிடுகிறார். சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு தொடர்புள்ள இந்த மூட்டுவாதத்தைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் வைத்திருக்கும் எண்ணங்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்ட பேச்சு எதுவானாலும் எழுதுங்கள், உண்மை என்ன என்பதையும் சேர்த்து. முதலில் என்னுடையது.

எனக்குக் கைவிரல் மூட்டுகளில்தான் அதிகம். காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் தள்ள முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடும், ஆனால் பிடிமானம் இருக்காது. வெந்நீரில் கையை வைத்து, மெல்ல மடக்கி நீட்டி, ஒரு மணி நேரம் போனால்தான் வழிக்கு வரும். பதினோரு மணிக்கு அலுவலகத்தில் வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பது அந்தப் பதினோரு மணி ஆளைத்தான். "நேத்து மாடிப்படி ஏறித்தானே வந்தீங்க, இன்னைக்கு என்ன லிஃப்ட்?" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் நடிக்கிறேன் என்று சொல்லாமல் சொன்னார்.

இது தேய்மானம் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். தேய்மானத்தில் நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். இது அழற்சி. ஓய்வெடுத்தால் இறுக்கம் கூடும், அசைந்தால் தளரும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவதால் வருகிறது. சில வாரம் அடங்கிக் கிடக்கும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். நேற்று முடிந்ததும் உண்மை, இன்று முடியாததும் உண்மை. அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

* * *

எனக்குக் கிடைத்த பேச்சு வேறு: "தோல்ல பெருசா ஒண்ணும் இல்லையே, அப்புறம் மூட்டுல எப்படி வரும்?" சொன்னவர்களில் மருத்துவம் படித்தவர்களும் உண்டு.

தோலில் எவ்வளவோ அவ்வளவுதான் மூட்டிலும் இருக்கும் என்று ஒரு கணக்கு எல்லார் மனதிலும் இருக்கிறது. அந்தக் கணக்கே தப்பு. உடம்பெல்லாம் செதில் உதிர்கிறவருக்கு மூட்டில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். எனக்குக் காதுக்குப் பின்னாலும் தலையிலும் கொஞ்சம், அவ்வளவுதான். பொடுகு என்றே பல வருஷம் போயிற்று. தொப்புளுக்குள் மட்டும் இருந்து யார் கண்ணிலும் படாதவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தோலில் வந்து வருஷக்கணக்கில் கழித்துத்தான் மூட்டில் தொடங்கும். சிலருக்கு மூட்டு முந்திக்கொள்ளும்.

என் விஷயத்தில் குதிகாலில் தொடங்கியது. காலையில் முதல் அடி வைத்தால் உயிர் போகும். செருப்பை மாற்றச் சொன்னார்கள், எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். அப்புறம் ஒரு கால்விரல் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக வீங்கிச் சிவந்தது. கவுட் என்ற மூட்டு நோயோ என்று யூரிக் அமிலம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். "வாதமே இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் இரண்டும் சாதாரண அளவில் இருந்தாலும் நோய் இருக்கலாம். இதை அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் கண்டுபிடித்த மூட்டுவாத நிபுணர் முதலில் பார்த்தது என் நகங்களைத்தான். கையைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். இரண்டு நகங்கள் நுனியில் சதையை விட்டுப் பிரிந்து மஞ்சளாகத் தெரிந்தன. நகச்சொத்தை என்று அதற்குப் பூஞ்சைக் களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு குதிகாலின் பின்பக்கம் அழுத்திப் பார்த்து, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் அழற்சி இருக்கிறது என்றார். இந்த நோய்தானா என்று மதிப்பெண் போட்டு வகைப்படுத்தும், 2006இல் வெளியான காஸ்பர் அளவுகோலில் நகத்துக்கும், முழுவிரல் வீக்கத்துக்கும், ஆர்.ஏ. நெகட்டிவாக இருப்பதற்கும் மதிப்பெண் உண்டு. எந்த முடிவைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார்களோ, அதுவே இங்கே நோய்க்கான அடையாளங்களில் ஒன்று!

சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரைக்கும் மூட்டுப் பாதிப்பு ஏற்படலாம். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள். அயர்லாந்து நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்து நிபுணரிடம் போனவர்களுக்கு மூட்டெலும்பு அரிக்கப்பட்டுச் சேதமாவது அதிகமாக இருந்தது.

* * *

என்னுடையது சின்னது. நீச்சல் குளத்தில் என் முழங்கையைப் பார்த்த ஒரு அம்மா தன் குழந்தையை வெளியே இழுத்துக்கொண்டார். "ஒட்டிக்கும்ல?" ஒட்டாது. தொட்டாலும், ஒரே தண்ணீரில் இறங்கினாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது. மூட்டுக்குப் பாரம் கொடுக்காத பயிற்சி என்று டாக்டரே நீச்சலடிக்கச் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் போகிறேன்.

* * *

நோய் எனக்கு இல்லை, என் கணவருக்கு. எங்கள் வீட்டில் வலியைவிடக் களைப்பைத்தான் யாரும் நம்புவதில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் முகம் கழுவிவிட்டு மறுபடி படுக்கையில் உட்கார்ந்துவிடுவார். சொந்தக்காரர்கள் "சோம்பேறித்தனம்" என்கிறார்கள். மூட்டை வீங்க வைக்கும் அதே அழற்சி உடம்பு முழுக்க ஓடுகிறது. காய்ச்சல் வந்தால் ஏன் எழுந்திருக்க முடிவதில்லை என்று யாரும் கேட்பதில்லை, இதற்கு மட்டும் கேட்கிறார்கள். அவர் களைப்பைச் சொன்னால் நான் கூடவே நிற்கிறேன். பதில் சொல்லும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன், அவருக்கு அந்தத் தெம்பும் வேண்டாமா?

இன்னொன்று. ஒருநாள் அவருக்கு ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தது. "மெட்ராஸ் ஐ, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்கள். கண் டாக்டர் பார்த்துவிட்டு யுவைட்டிஸ் என்றார், கண்ணின் உள்ளே வரும் அழற்சி. இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியது, விட்டால் பார்வையையே பாதிக்கும். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

* * *

மருந்தைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு "இது கேன்சர் மருந்தாச்சே" என்று மருந்துக்கடையில் இருந்தவர் சத்தமாகச் சொன்னார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு மிக அதிகம். நமக்கு வாரத்துக்கு ஒருமுறை, சில மில்லிகிராம்கள்தான். அதைச் சொன்ன அதே கடையில் உறையின் மேல் "தினமும் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு விவரம் தெரிந்ததால் அங்கேயே திருத்த வைத்தேன். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று முடிவு செய்து உறையில் எழுதிவையுங்கள். ஃபோலிக் அமிலத்தையும் டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்கள், ஈரல், ரத்த அணுப் பரிசோதனைகளை விடாதீர்கள்.

"ஒரே ஊசி, எல்லாம் சரியாயிடும்" என்கிறவர்களிடம் உஷார். ஸ்டீராய்டு எடுத்து இரண்டு நாளில் பறந்து திரிந்து, திடீரென்று நிறுத்தியதும் தோல் முழுக்கச் சீறிக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். டாக்டர் யோசித்து ஒரு மூட்டுக்குள் போடும் ஊசி வேறு. "வலி போயிடுச்சு, மருந்தை நிறுத்திடு" என்ற அறிவுரையும் வேண்டாம். மருந்து வேலை செய்வதால்தான் வலி இல்லை.

* * *

எனக்கு 26 வயது. "இந்த வயசுல மூட்டு வலியா, அது பாட்டிக்கு வர்றதாச்சே" என்பது பழகிவிட்டது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் அதிகம் தொடங்கும், குழந்தைகளுக்கும் வரும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆனால் "உனக்கு இனிமே குழந்தையே பிறக்காது" என்று ஒருவர் சொன்னது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நிஜமா?

* * *

மேலே கேட்ட தங்கைக்கு: நிஜம் இல்லைம்மா. எனக்கு இந்த நோய் வந்த பிறகுதான் இரண்டாவது குழந்தை. கருவுக்குக் கெடுதல் செய்வதால் மெத்தோட்ரெக்ஸேட்டை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். ஆனால் கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, ஊசி வகையிலும் உண்டு. குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று அடுத்து பயமுறுத்துவார்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடும், வந்தே தீரும் என்பது இல்லை. நீயாக எதையும் நிறுத்திவிடாதே. இப்போதே திட்டமில்லை என்றாலும் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இந்தப் பேச்சை எடு. மருந்து மாற்றி, நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க அவருக்குச் சில மாதங்கள் வேண்டும்.