பாலக்காட்டு எல்லையில் குடிவந்தால்: பேச்சு, தேதி, மொய், அயல்கூட்டம்

(எல்லையோர ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னவை)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சறுக்குகிற இடம் பேச்சுதான். பலருக்கும் இங்கே தமிழ் புரியும் என்ற தைரியத்தில் இரண்டையும் கலந்து அடித்துவிடுவார்கள். மலையாளத்தில் ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ஆஸ்பத்திரியில் நம் அவசரத்துக்கு ‘அத்யாவஸ்யம்’ என்று சொல்ல வேண்டும். ‘வெள்ளம்’ குடிக்கிற தண்ணீர். ‘குழப்பமில்லா’ என்றால் பரவாயில்லை. ‘பட்டி’ நாய், சொந்த ஊர்ப் பெயர் பட்டி என்று முடிந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும். அதற்கெல்லாம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல் ‘நீங்கள்’. நமக்கு அது மரியாதை. ‘நிங்ஙள்’ என்று ஒரு பெரியவரையோ அதிகாரியையோ மலையாளத்தில் சொன்னால் வெட்டிப் பேசுகிற மாதிரி விழும். அங்கே முன்னிலைச் சொல்லையே தவிர்த்துவிட்டு முறைப்பெயரை வைப்பார்கள்: ‘ஏட்டன் எப்ப வந்து?’, ‘டீச்சர் சாய குடிச்சோ?’ என்கிற மாதிரி. ஏட்டா (அண்ணா), சேச்சி (அக்கா), சாறே (சார்), டீச்சர் நான்கும் கைவசம் இருந்தால் முதல் மாதம் ஓடிவிடும். மலையாளம் வராவிட்டால் முழுத் தமிழிலேயே நிதானமாகப் பேசுவது அரைகுறைக் கலப்பைவிட மேல்.

செங்கோட்டையிலிருந்து:

இங்கேயும் அதே கதைதான், சொல்தான் வேறு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இன்றும் மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆரியங்காவு, புனலூர் போய்வருகிறவர்கள் ஏராளம். திருநெல்வேலிப் பக்கம் ‘அண்ணாச்சி’ மரியாதை. மலையைத் தாண்டினால் எந்தத் தமிழனையும் குறிக்கிற கேலிப்பெயர். புதிதாகப் பழகுகிறவர் அப்படிக் கூப்பிட்டால் ஒருமுறை பெயரைச் சொல்லித் திருத்துங்கள், பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள். நம்மாட்கள் ‘மலையாளத்தான்’ என்று ‘ஆன்’ விகுதி போட்டுப் பேசுவதும் அவர்கள் காதில் விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாளையாரிலிருந்து:

தேதியை மறந்துவிட்டீர்களே. சிங்ஙம் நம் ஆவணி, மேடம் சித்திரை, கர்க்கடகம் ஆடி. ஆனால் ‘சிங்ஙம் 10’ம் ‘ஆவணி 10’ம் எல்லா ஆண்டும் ஒரே நாள் இல்லை. சங்கிராந்தி, அதாவது சூரியன் ராசி மாறுகிற நேரம், பொழுது மறைவதற்குள் வந்தால் நமக்கு அன்றே மாதப்பிறப்பு. கேரளக் கணக்கில் மதியம் சுமார் ஒரு மணிக்குள் வந்தாக வேண்டும், தாண்டினால் மறுநாள். மேடத்தில் வரும் விஷு மட்டும் தனிக்கணக்கு: விஷுக்கணி விடியலில் பார்ப்பது என்பதால் அதற்குள் சங்கிராந்தி கடந்திருக்க வேண்டும். 2022, 2023 இரண்டிலும் நமக்குப் புத்தாண்டு ஏப்ரல் 14, அவர்களுக்கு விஷு 15. கல்யாணம், வீடு பால்காய்ச்சு என்று யார் கூப்பிட்டாலும் ஆங்கிலத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பூட்டின மண்டபத்துக்கு முன்னால் சீர்த்தட்டோடு நிற்க வேண்டாம்.

பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட 6 எல்லை மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று வீட்டில் இருப்பார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்ப வசதியான நாள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கல்யாணம் என்றதும் மொய். மைக்கில் பெயரும் தொகையும் வாசிப்பதைக் கேட்டால் மலையாளி விருந்தாளி நெளிவார். அவர்கள் கவரில் போட்டு மணமக்கள் கையில் கொடுத்துப் பழகியவர்கள். மொய் எழுதுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கவரைப் பிரிக்காமல் தனியாக வாங்கிவைக்கலாம். வீட்டுக்கு வந்து தொகையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், திருப்பிச் செய்ய வேண்டுமே. அவர்கள் வீட்டுப் பந்தியில் முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும் வரும், சாம்பார் பிறகு. வந்த பருப்பு முழுவதையும் முதல் சோற்றிலேயே கொட்டிப் பிசைந்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறவர்கள் பிரதமன் என்கிற பாயசம் வரும்போது முழிப்பார்கள்.

சித்தூரிலிருந்து:

பெண்களுக்கு உறவு பிடிக்கிற இடம் அயல்கூட்டம், அதாவது கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுகிற குழு. குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. 10 முதல் 20 பேர், வீட்டுக்கு ஒரு பெண். வாராவாரம் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவார்கள். சிறுசேமிப்பு, உள்கடன், வார்டுச் செய்தி எல்லாம் அங்கேதான். மாமியார் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால் மருமகளுக்கு அதில் இடமில்லை. மருமகளுக்கு 2021-இல் வந்த குடும்பஸ்ரீ துணைக்குழு இருக்கிறது, 18 முதல் 40 வயது வரை. வார்டு உறுப்பினரிடம் கேட்டால் எந்தக் குழுவில் இடம் இருக்கிறது என்று தெரியும்.

நம் வீட்டு முறை வரும்போது டீயும் பிஸ்கட்டும் போதும். வடை, கேசரி என்று இறங்கினால் அடுத்த வீட்டுக்காரிக்குச் சுமை, மனத்தாங்கல் அங்கேதான் முளைக்கும். இரண்டு மாநிலமும் பங்கிடுகிற பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீர்ச் செய்தி பேப்பரில் அடிபடுகிற வாரம் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்பது அங்கே உட்கார்ந்திருக்கிற விவசாய வீட்டுப் பெண்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

மினிட்ஸ் புத்தகம் மலையாளத்தில்தான் இருக்கும். எழுத்துத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஒந்நு வாயிச்சு தரோ’ என்று கேட்டால் உரக்க வாசித்துக் காட்டுவார்கள். கடன் தொகை, வட்டி, தவணை மூன்றையும் தமிழில் உங்கள் நோட்டில் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.