வெப்பமானியைக் கட்டிய இடம்தான் தவறு

டொராண்டோவில் அடுக்குமாடி வீடொன்றில், தலையில் உயர்ந்த கொண்டையுள்ள ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்றை வளர்த்துவருகிறேன். (நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது, ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் தேடிப் போக வேண்டாம்.)

முதல் மாதம் கூண்டை ஜன்னலோரம் வைத்து, வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். எலும்புக்கு வேண்டிய டி3 வைட்டமினைத் தோலில் உண்டாக்கும் புற ஊதா பி கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடையில் தலையில் கட்டிய சிறிய சுருள் பல்பை எடுத்துவிட்டு, டி5 வகைப் புற ஊதாக் குழல்விளக்கை வலைக்கூரையின் மேல் நீளவாக்கில் வைத்தேன். அந்தச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

வெப்ப விளக்கில்தான் உண்மையாகவே சறுக்கினேன். அந்த விளக்கின் கீழ் பச்சோந்தி சூடு காயும் கிளையில் வெப்பமானியைக் கட்டி, 30 டிகிரி செல்சியஸ் காட்டியதும் எல்லாம் சரி என்று முடிவு செய்தேன். இரண்டு வாரம் கழித்து, முதுகு விளிம்பில் மிளகளவில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. அழுக்கு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தேன், போகவில்லை. சில நாளில் அது வெளிறிப் பொருக்குத் தட்டியபோது மருத்துவரிடம் கொண்டுபோனேன், தீப்புண் என்றார். கிளையின் மேல் நிற்கும் பச்சோந்தியின் முதுகு கிளையைவிடச் சில அங்குலம் விளக்கை நெருங்கியிருக்கும் என்பதையோ, அது வலைக்கூரையையே பற்றித் தொங்கும் என்பதையோ நான் எண்ணிப் பார்க்கவில்லை. சுட்டால் தானாக விலகிக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன், அது விலகவில்லை.

இப்போது விளக்கைக் கூரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயர்த்தித் தாங்கியில் மாட்டி, கிளையைக் கீழே இறக்கி, பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில் ஒரு குச்சியை நட்டு அங்கே வெப்பத்தை அளக்கிறேன். 29, 30 டிகிரிக்கு மேல் விடுவதில்லை. மெலிந்த கிளைகள் சிலவற்றைக் கூண்டின் மறுகோடியில் இலைமறைவில் கட்டியிருக்கிறேன், சூடு போதுமென்றால் அங்கே போய்விடும்.

காலையில் விளக்கு எரிந்ததும் அது உடலைத் தட்டையாக்கி, விளக்கைப் பார்த்த பக்கத்தை மட்டும் கரிய நிறமாக்கிக்கொள்ளும். மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். நிறம் வெளிறி வாயைப் பிளந்தால் சூடு மிகுதி என்று பொருள். இரவில் எந்த விளக்கும் கிடையாது, சிவப்பு விளக்குகூடத் தேவையில்லை. அறை 20 டிகிரிக்குக் குளிர்வது அதற்கு நல்லதே. “ஓணானுக்கா இத்தனை விளக்கு?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

குழல் பளிச்சென்று எரிந்தாலும் அதன் புற ஊதாக் கதிர் முன்கூட்டியே குறைந்துவிடுவதால், மாட்டிய தேதியை அதன் முனையிலேயே பேனாவால் எழுதிவைத்து ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன். பலமுறை தோல் உரித்த பின்னும் அந்த மிளகளவு வடு முதுகில் அப்படியே இருக்கிறது.